பாவித்த மட்டை, புது ஹெல்மெட்: கடினப்பந்துக்கு எதில் காசு போடுவது?

பாடசாலையின் 15 வயதுப் பிரிவு கிரிக்கெட் அணிக்குப் பிள்ளை தெரிவாகிவிட்டால் முதல் வாரம் வீட்டில் சந்தோஷம். இரண்டாம் வாரம் பட்டியல் வரும்: மட்டை, கால்காப்பு, கையுறை, ஹெல்மெட், தொடைக்காப்பு, கார்ட் (கால்களுக்கு இடையில் வைக்கும் காப்பு), சப்பாத்து, இவ்வளவையும் போட ஒரு பை. அதுவரை பிள்ளை விளையாடியது மென்பந்து. அறுவடை முடிந்த வயலிலோ கோயில் வீதியிலோ ஒரு மட்டையும் ஒரு ரெனிஸ் பந்தும் இருந்தால் இருபது பேர் பொழுதுபடும்வரை விளையாடலாம், வீட்டுக்குப் பெரிய செலவில்லை. கடினப்பந்து அப்படியில்லை. தக்கையும் நூலும் சுற்றித் தோல் போர்த்த, 156 முதல் 163 கிராம் வரை நிறையுள்ள பந்து அது. படக்கூடிய இடமெல்லாம் மறைக்க வேண்டும்; மறைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: புதுசு வாங்குவதா, பாவித்தது வாங்குவதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டையைப் பாவித்ததாக வாங்கலாம், வளரும் பிள்ளைக்கு அதுதான் நல்லது. ஹெல்மெட்டைப் பாவித்ததாக வாங்கவே கூடாது. நம் பக்கத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. நெல்லு விற்ற காசைக் கொடுத்துப் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய மட்டையை வாங்கிவிட்டு, ஹெல்மெட்டை "பிறகு பாப்பம்" என்று தள்ளிவிடுகிறோம். பிள்ளை பாடசாலை அணியின் பொதுச் சாமான் பையில் கிடக்கும், தலைக்குப் பொருந்தாத ஒன்றை மாட்டிக்கொண்டு களத்துக்குப் போகிறான்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் கேட்டால் வேறு ஆலோசனை வரும். ரொறன்ரோவில் ஓய்வுபெற்ற பிறகு கோல்ஃப் பழகிய மாமா ஒருவர் எனக்கு உண்டு. "எல்லாத்தையும் பாவிச்சதா வாங்கு, பாதி விலை, ஒரு வித்தியாசமும் இல்லை" என்பார். கோல்ஃபுக்கு அது சரிதான். ஒரு சுற்றுக்கு 14 தடிகள் வரை பையில் வைத்திருக்க விதி இடம் தருகிறது. அத்தனையையும் புதுசாக எடுத்தால் நடுத்தரக் குடும்பத்துக்குத் தலை சுற்றும். ஆனால் தடியின் தலை உருக்கு அல்லது டைட்டேனியம். பிடியின் றப்பர் தேய்ந்தால் மாற்றலாம், பந்து படும் முகத்தில் வெட்டியிருக்கும் கோடுகள் மழுங்கியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்திய இரும்புத் தடி இன்றும் ஒழுங்காக அடிக்கும். புது மொடல் வந்துகொண்டே இருப்பதால் பழையதைத் தள்ளிவிடும் ஆட்களும் அங்கே ஏராளம். மாமாவின் கணக்கைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தால் பாதிதான் பொருந்தும். மட்டை மரம். ஹெல்மெட்டுக்குள் இருப்பது நுரை. இரண்டும் கெடும். மரம் கெட்டால் கண்ணுக்குத் தெரியும், நுரை கெட்டால் தெரியாது. வாங்கும் முடிவு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

புது மட்டை என்றால்

நம் கடைகளில் தொங்கும் மட்டைகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வருபவை. மீரட், ஜலந்தர், சியால்கோட் ஆகிய மூன்று நகரங்களும் இந்தத் தொழிலுக்குப் பேர்போனவை. மரம் இரண்டு வகை. இங்கிலாந்தில் வளரும் வில்லோவைத் துண்டுகளாக்கி இந்தியாவுக்குக் கப்பலேற்றி அங்கே செதுக்குவது ஒன்று. காஷ்மீரில் அனந்த்நாக் பக்கம், நெடுஞ்சாலை ஓரப் பட்டறைகளில் அந்த மண்ணிலேயே வளர்ந்த வில்லோவில் செய்வது மற்றது. ஆங்கில வில்லோ வெள்ளை, இலேசு, பந்து பட்டால் துள்ளி ஓடும். காஷ்மீர் வில்லோ கொஞ்சம் மண்ணிறம், பாரம் கூட, துள்ளல் குறைவு. ஆனால் முரட்டு அடி தாங்கும்.

இந்தியாவிலேயே ஒழுங்கான காஷ்மீர் மட்டை ஏறத்தாழ 2000 முதல் 3000 இந்திய ரூபா. ஆங்கில வில்லோ என்றால் 8000 அளவில் தொடங்கி 40,000 ஐயும் தாண்டிப் போகும். அதை மூன்றரையால் பெருக்கினால் நம் காசு வரும். அதன்மேல் கப்பல் கூலி, தீர்வை, கொழும்பு வியாபாரியின் இலாபம், ஏ9 வீதியால் ஏற்றி வந்த செலவு, ஊர்க் கடைக்காரரின் பங்கு. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது இதெல்லாம் ஒரேயடியாக ஏறியது. பிறகு டொலர் 300 க்குக் கிட்ட இறங்கியதுதான், 200 க்குத் திரும்பவில்லை. மட்டை விலையும் அப்படியே.

15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் புது ஆங்கில வில்லோ வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். காசை விடப் பெரிய காரணம் அளவு. உயரம் ஐந்தடிக்குக் கீழே என்றால் 5 ஆம் இலக்கம், ஐந்தடியைத் தாண்டினால் 6 ஆம் இலக்கம், ஐந்தடி மூன்று நாலு அங்குலத்தில் ஹரோ என்ற இடை அளவு, ஐந்தடி ஆறு ஏழு அங்குலம் வந்துவிட்டால் பெரியவர்கள் பிடிக்கும் ஷோர்ட் ஹாண்டில். ஏறத்தாழ இதுதான் கணக்கு, நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு அங்குலம் முன்பின் இருக்கும். 13 வயதில் 6 ஆம் இலக்கம் பிடித்தவன் 15 இல் ஷோர்ட் ஹாண்டிலுக்கு வந்துவிடலாம். இடையில் ஹரோவும் உண்டு. ஒவ்வொன்றையும் புதுசாக வாங்கினால் யாருடைய வருமானமும் தாங்காது.

அதற்காக ஒரு அளவு பெரிதாக வாங்கி வைப்பதும் சரியில்லை. "வளர்ற பிள்ளைதானே" என்ற நியாயத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாரமான மட்டையை நேரே தூக்க முடியாத பிள்ளை அதைக் குறுக்கே வீசப் பழகும். அந்தப் பழக்கத்தை எடுப்பது பயிற்றுவிப்பாளருக்குப் பெரும்பாடு. கடையிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. மேல் கையால் மட்டும் பிடித்து மட்டையை முன்னால் நேரே நீட்டச் சொல்லுங்கள். மெல்ல இருபது எண்ணும்வரை கை நடுங்காமல் நின்றால் பாரம் சரி. உதடு கோணினால் வேறு எடுங்கள்.

புது மட்டையோடு வரும் இன்னொரு வேலை தட்டிப் பழக்குவது. மரச் சுத்தியலால் பந்து படும் முகத்தையும் விளிம்பையும் சிறிது சிறிதாக, எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் அளவில் தட்டி இறுக்கிய பிறகுதான் அதைத் தோல் பந்துக்குக் காட்ட வேண்டும். எந்தப் பதின்மூன்று வயதுக்காரன் அவ்வளவு பொறுப்பான்? மூன்றாம் நாள் வலைப் பயிற்சிக்குக் கொண்டுபோவான், விளிம்பு பிளக்கும். பாவித்த மட்டையில் இந்த வேலையை வேறொருவர் முடித்து வைத்திருப்பார். அத்தோடு, நல்ல வில்லோ ஒன்று மிக நன்றாக அடிப்பது கடையிலிருந்து வந்த நாளில் அல்ல, ஒரு பருவம் விளையாடி மரம் இறுகிய பிறகுதான்.

புதுசுதான் வேண்டும் என்றால் காஷ்மீர் வில்லோவோடு நிறுத்துங்கள். 13 வயதுப் பிரிவுக்கு அது தாராளமாகப் போதும். அந்த வயதில் பந்தின் வேகம் குறைவு, எல்லைக்கோடும் கிட்டத்தான்.

பாவித்ததைப் பார்த்து எடுப்பது

நல்ல பாவித்த மட்டைகள் எங்கே கிடைக்கும்? கடினப்பந்து வேரூன்றிய இடங்களில். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' 1904 இல் தொடங்கியது. அப்படிப்பட்ட பாடசாலைகளில் வருடா வருடம் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகும் பெடியள் பையோடு சாமான்களை விட்டுப் போவார்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றர் அளவுதான். பயிற்றுவிப்பாளர் ஒருவர் மூலம் சொல்லி வைத்தால் தகவல் வரும். இணைய விளம்பரங்களிலும் முகநூலிலும் கொழும்புப் பக்கத்துச் சாமான்கள் நிறைய உண்டு. அங்கே என் நிபந்தனை ஒன்றுதான்: படத்தைப் பார்த்துக் காசு அனுப்பக் கூடாது. மட்டையின் குற்றம் விரலுக்குத்தான் தெரியும்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் கைபிடி. அது பிரம்பில் செய்து, மட்டைக்குள் ஆப்பு மாதிரி இறக்கி ஒட்டியது. மட்டையை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு கைபிடியை முன்னும் பின்னும் வளையுங்கள், பிறகு முறுக்குங்கள். நல்லது கொஞ்சம் வளைந்து சத்தமில்லாமல் திரும்பி வரும். கிறீச்சென்றாலோ 'டக்' என்று உள்ளே ஏதும் அசைந்தாலோ ஒட்டு விட்டுவிட்டது. வன்னியில் கைபிடி மாற்றித் தரும் ஆளை நான் கண்டதில்லை. அப்படிப்பட்ட மட்டை விறகு. விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

அடுத்தது நுனி. நம் பாடசாலை மைதானங்களில் பெரும்பாலும் சீமெந்துத் தளத்தின்மேல் மற்றிங் விரித்துத்தான் விளையாட்டு. பந்தை எதிர்பார்த்து நிற்கும்போது தட்டித் தட்டியே நுனி சிதையும். மாரியில் ஈரத்தில் நின்றிருந்தால் ஊதியும் இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி உள்ளே போனால் விடுங்கள். நுனியில் றப்பர்க் காப்பு ஒட்டியிருந்தால் அதன் கரையைக் கொஞ்சம் கிளப்பிப் பார்க்கக் கேளுங்கள்.

முகத்தில் வெடிப்பு இருந்தாலே பயப்படுகிறவர்கள் அதிகம். தேவையில்லை. மரத்தின் ஓட்டத்தோடு போகும் மெல்லிய கீறல்கள் பாவித்த வில்லோவில் இருக்கத்தான் செய்யும். அது மட்டை அடித்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. விளிம்பில் உள்ள சின்னப் பிளவும் பசையும் நாடாவும் போட்டால் ஓடும். ஆகாதவை இரண்டு: முகத்தின் குறுக்கே ஓடும் வெடிப்பு, நுனியில் தொடங்கி முன்னாலும் பின்னாலும் ஊடுருவித் தெரியும் வெடிப்பு. முகம் முழுக்கத் தாள் ஒட்டிய மட்டையில் இந்த இரண்டையும் மறைக்கலாம். தாளை உரித்துப் பார்க்க விற்பவர் விடவில்லையென்றால் "சரி தம்பி, பிறகு வாறன்" என்று எழும்பிவிடுங்கள்.

நேராக ஓடும் மரக்கோடுகளை எண்ணுவது பலருக்குத் தெரியும். நெருக்கமான கோடுகள் அதிகம் உள்ள மட்டை கெதியில் நன்றாக அடிக்கத் தொடங்கும், கெதியில் களைத்தும் போகும். கோடு குறைந்தது பழகக் காலம் எடுக்கும், ஆயுள் கூட. புதுசு வாங்குகிறவர் கோடு கூடியதைத் தேடுவார். பாவித்தது வாங்குகிற நீங்கள் ஆறேழு கோடு உள்ளதைத் தேடுங்கள். பழக்கும் காலத்தை முதல் சொந்தக்காரர் கடந்துவிட்டார், மிச்ச ஆயுள் உங்களுக்கு. ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். பழைய காஷ்மீர் மட்டைக்குப் புது ஆங்கில வில்லோ ஸ்டிக்கர் ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. நிறமும் பாரமும்தான் பேசும். பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் போட்டுப் பாருங்கள்: 6 ஆம் இலக்கம் ஒரு கிலோ அளவில், ஷோர்ட் ஹாண்டில் 1.1 முதல் 1.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கடைசியாகப் பழைய தோல் பந்தொன்றை முகத்தில் துள்ள விட்டுக் காது கொடுங்கள். நடுவில் 'டொக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். எங்கும் 'மொத்' என்றால் மரம் செத்துவிட்டது.

விலை? மேலே சொன்ன சோதனை எல்லாம் தாண்டிய, இரண்டு பருவம் விளையாடிய ஆங்கில வில்லோவுக்கு இன்றைய புது விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்பேன். பாதிக்கு மேல் கேட்டால் எழும்பிவிடுவேன். பாவித்த காஷ்மீர் மட்டையைத் தேடி அலைவதில் பிரயோசனம் இல்லை. புதுசுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பஸ் செலவுக்கே சரியாகிவிடும். சும்மா தந்தால் வாங்குங்கள்.

வாங்கி வந்த பிறகு அதைக் கெடுப்பதற்கு நம் வீடுகளே போதும். தகரக் கூரைக்குக் கீழே, பங்குனி சித்திரை வெயிலில் சுவர் மூலையில் சாத்தி வைத்த வில்லோ காய்ந்து வெடிக்கும். வீட்டின் குளிர்ந்த அறையில், தரையில் படாமல் வையுங்கள். வருடத்தில் ஓரிரு தடவை பச்சை லின்சீட் ஒயிலைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசலாம். ஹார்ட்வெயார் கடையில் வர்ணம் பூசுவோருக்கு விற்கும் காய்ச்சிய லின்சீட் ஒயில் வேறு, அது வேண்டாம். பிளவு விழுந்தால் ஊர்த் தச்சரிடம் கொண்டுபோகலாம், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். முதிரையிலும் பாலையிலும் வேலை செய்து பழகிய கைக்கு வில்லோ வெறும் சோற்றி மரம். ஒரு ஆணி அடித்தால் முடிந்துவிடும் என்று நினைப்பார். மட்டைக்குள் ஆணி போகவே கூடாது. வெண்பசை விட்டு, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் காயவிட்டு, நைலோன் நூல் சுற்றினால் போதும்.

கடல் கடந்து வருவது

இங்கிலாந்தில் கிரிக்கெட் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான். அங்கே வளரும் பிள்ளையின் மட்டை வருடத்தில் ஐந்தாறு மாதம், அதுவும் பெரும்பாலும் பயிற்சி நாளிலும் வார இறுதியிலும்தான் பந்தைக் காணும். பிறகு மழைக்கும் குளிருக்கும் கராச்சுக்குள் தூங்கும், அடுத்த சித்திரையில் பிள்ளை வளர்ந்திருக்கும். ஆகவே லண்டன் சித்தப்பாவின் வீட்டுப் பக்கத்தில் கிடைக்கும் பாவித்த 5, 6 ஆம் இலக்க மட்டைகள் இங்கே கிடைப்பதை விடக் குறைவாக உழைத்தவை. ஐப்பசியில் கேட்டால் அவரே தன் கழகத்தில் சும்மா வாங்கித் தருவார். ஊருக்கு வரும்போது பையில் வைத்துவிடச் சொல்லுங்கள். தபாலில் அனுப்பினால் செலவு மட்டையை விழுங்கிவிடும்.

வட்ஸ்அப்பில் கேட்கும்போது "ஒரு பட் கொண்டு வாங்கோ" என்று மட்டும் எழுதினால் அவர் தன் உயரத்துக்கு வாங்கி வருவார். இலக்கம், பிள்ளையின் உயரம் இரண்டையும் எழுதுங்கள். குளிர்நாட்டு மரம் வன்னிக் காற்றுக்கு வந்ததும் உள்ளீரத்தை விடும்; இரண்டு வாரம் நிழலில் வைத்து, ஒரு கை ஒயில் பூசி, பிறகு விளையாடக் கொடுங்கள். பெரியவர்களின் மட்டையானால் விளிம்பையும் அளந்து பாருங்கள். 2017 ஐப்பசியில் மாறிய விதிப்படி விளிம்பு 40 மில்லிமீற்றரையும் தடிப்பு 67 மில்லிமீற்றரையும் தாண்டக் கூடாது. அதற்கு முந்திய தடித்த மட்டைகள் அங்கே மலிவாக ஒதுங்கிக் கிடக்கும்.

சித்தப்பா ஒரு பொருளைப் புதுசாக வாங்கித்தர முன்வந்தால் மட்டையைக் கேட்காதீர்கள். ஹெல்மெட்டைக் கேளுங்கள்.

தலைக்கு மட்டும் பேரம் இல்லை

ஹெல்மெட் செய்யும் வேலை ஒரே ஒரு தடவைக்கானது. பந்து பலமாகப் படும்போது வெளி ஓடு விசையைப் பரப்பும், உள்ளே உள்ள நுரை நசுங்கி மிச்சத்தை உறிஞ்சும். நசுங்கிய நுரை பழையபடி எழும்பினாலும் அதே அடியை அதே மாதிரித் தாங்காது. வெளி ஓட்டில் உள்ள மயிரிழை வெடிப்பைத் துணி மூடியிருக்கும். பாவித்த ஹெல்மெட்டை விற்பவர் "ஒரு நாளும் அடி படவில்லை" என்பார். உண்மையாகவும் இருக்கலாம். மட்டையில் நகத்தாலும் காதாலும் நீங்கள் செய்த சோதனைக்கு இங்கே இடமே இல்லை, அவருடைய வாயைத்தான் நம்ப வேண்டும். பிள்ளையின் தலையை வைத்து அந்த நம்பிக்கையை நான் வாங்கமாட்டேன்.

பழைய மொடல் என்பதும் இங்கே வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 2013 இல் பிரித்தானிய தரநிர்ணயம் ஹெல்மெட் சோதனையை மாற்றியது. இலக்கம் பிஎஸ் 7928:2013. முன்புறக் கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் இடையால் பந்து புகுந்து முகத்தில் படுகிறதா என்று பார்ப்பது அதில் சேர்ந்தது. 2017 இலிருந்து சர்வதேசப் போட்டியில் ஹெல்மெட் அணிபவர் இந்தத் தரத்துக்கு உட்பட்டதையே அணிய வேண்டும் என்று சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசி விதித்தது. 2014 கார்த்திகையில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இரண்டு நாளில் இறந்த பிறகு, ஹெல்மெட்டின் பின்புறம் பொருத்தும் கழுத்துக்காப்பு பரவலாக வந்தது. பாடசாலைப் பையில் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கிடக்கும் ஹெல்மெட் இதற்கெல்லாம் முந்தியது.

வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த இலக்கம் இருக்கிறதா பாருங்கள். எந்தப் பந்துக்குச் சோதித்தது என்பதும் அதில் இருக்கும்: பெரியவர்கள் பந்தா, சிறுவர் பந்தா, இரண்டுமா. சிறுவர் பந்து அளவில் சிறிது, பெரியவர் ஹெல்மெட்டின் கம்பி இடைவெளியால் நுழையக்கூடும். உங்கள் பிள்ளை எந்தப் பந்தில் விளையாடுகிறதோ அது சீட்டில் இருக்க வேண்டும். கம்பியை மேலும் கீழும் நகர்த்தி இடைவெளியைக் கூட்டுகிற பெடியளும் உண்டு, "பந்து தெரியேல்லை" என்பார்கள். நிறுவனம் வைத்த இடத்தில்தான் கம்பி நிற்க வேண்டும். அளவுக்குத் தையல் நாடாவால் புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்து கொள்ளுங்கள். லண்டனுக்கு அனுப்பவும் அந்த இலக்கம் போதும். பலமாக ஒரு அடி பட்டால், வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும், அதன் வேலை முடிந்தது.

கார்ட் பாவித்தது வாங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பட்டியலில் மிக மலிவானது அதுதான், ஆளுக்கொன்று.

மற்றவை

கால்காப்பைப் பாவித்ததாகத் தாராளமாக வாங்கலாம். முழங்கால் பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்க வேண்டும்; வார் ஒட்டாமல் போயிருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். தொடைக்காப்பும் அப்படித்தான். பாடசாலைப் பையில் உள்ளதைப் பங்கிடுவதென்றால் இந்த இரண்டையும் பங்கிடலாம், ஹெல்மெட்டைப் பங்கிடுவதில் பேனும் சேர்ந்து வரும்.

கையுறையில் கவனம் தேவை. வேர்வையில் ஊறிக் காய்ந்த உள்ளங்கைத் தோல் தகடாகிப் போனால் மட்டை கையில் சுழலும். விரல்களின்மேல் உள்ள நுரை தட்டையாகியிருந்தால் விரல் முறியும். ஒரு பருவத்துக்கு மேல் பாவித்ததை நான் எடுக்கமாட்டேன். இடக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு இடக்கைக் கையுறையேதான் வேண்டும். கீழ்க்கையின் பெருவிரலுக்குக் கூடுதல் காப்பு வைத்துச் செய்வதால் வலக்கைச் சோடி அவருக்குப் பந்து படும் விரலைத் திறந்து விடும். இடக்கைக்காரரின் பெற்றோருக்குப் பாவித்த சந்தை எப்போதும் வறண்டது, புதுசுக்கு ஆயத்தமாக இருங்கள்.

சப்பாத்து வேறொருவர் காலுக்குப் பழகியது, வேண்டாம். ஆணி வைத்த சப்பாத்து மலிவாக வந்தாலும் மற்றிங்கில் அதை விடமாட்டார்கள். றப்பர் அடி போதும்.

கையில் எவ்வளவு காசு இருக்கிறதோ, அதில் முதலில் ஹெல்மெட், கார்ட், கையுறை மூன்றையும் புதுசாக எடுத்துவிடுங்கள். மிஞ்சியதற்கு மட்டை தேடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் முதல் பருவம் பாடசாலை மட்டையில் விளையாடட்டும். மட்டை இரவல் வாங்கி ஐம்பது அடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாலு பெற்றோர் சேர்ந்து ஒரே அளவில் ஒரு நல்ல மட்டை வாங்குவதும் நடைமுறையில் ஓடும், அந்த நாலு பேரில் இரண்டு பேர் தொடக்க ஆட்டக்காரராக இல்லாதவரை.

பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒன்று சொல்ல இருக்கிறது. வெளிநாட்டுக் கிளைகள் பாடசாலைக்கு விளையாட்டு உதவி செய்யும்போது அன்பளிப்பாளர் பெயர் முதுகில் அச்சிட்ட சட்டைகளும், படம் எடுக்க வசதியாக நாலு மட்டைகளும் வரும். சட்டை இல்லாமலும் விளையாடலாம். அளவுக்கு இரண்டாக ஆறு ஹெல்மெட் அனுப்புங்கள், அதில் பெயர் அடித்தாலும் பரவாயில்லை.

பிள்ளைக்கு மட்டை சிறுத்துப் போனதும் அதை அறையில் தொங்கவிட்டு வைக்காமல், அடுத்த வகுப்புப் பெற்றோர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வாங்கிய விலையில் பாதியாவது வரும், அந்தக் காசு அடுத்த அளவுக்குப் போகும். எங்கே பிளவு, எப்போது ஒட்டியது என்பதைச் சொல்லியே விற்கலாம். அவர்களும் இதே மைதானத்துக்கு ஒவ்வொரு பின்னேரமும் வரப்போகிறவர்கள்தான். அடி பட்ட ஹெல்மெட்டை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதன் வாரை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ எடுத்துத் துடைத்து இன்னொரு பிள்ளையின் தலையில் போட்டுவிடுவார்கள்.